வரப்புக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி

பூவிழிக்கு நிச்சயம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வைகாசியில் கல்யாணம். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் பெருமுக்கல்லிலிருந்து வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை தமிழரசன், அவனுடைய அப்பா அர்ச்சுனன், அப்பாவின் அக்கா அம்சவல்லி. தமிழரசன் கையில் கனமாக ஒரு துணிப்பை தொங்கியது. பழம் வாங்கி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து என் அக்கா சுலோசனா கையை நீட்டினாள். பைக்குள் இருந்தது சிடி பிளேயர்.

அம்சவல்லி நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே உள்ளறையை எட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா சுலோசனா, இன்னொரு பொண்ணு எங்க?"

"எந்தப் பொண்ணுங்க?"

"அதான், பூவிழி கூடப் பொறந்தவ. ரெட்டையில இன்னொண்ணு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பூவிழியின் தாய்மாமன், பெயர் காசிலிங்கம். அக்காவின் வீட்டுக்காரர் காலமாகிப் பல வருடமாகிறது. அதனால் இந்தக் கல்யாணத்தில் பேச வேண்டிய பேச்செல்லாம் என்னுடையது. அக்காவுக்கு ஒரே மகள்தான். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றவன் நான். ஒன்றைத்தான் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

அதைச் சொன்னேன். அம்சவல்லி என் பேச்சைக் காதில் வாங்காமல், "டேய் தமிழு, போட்டுக் காட்டு" என்றாள்.

தமிழரசன் நல்ல பையன். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறான். வடநாட்டு ஆட்கள் வந்து தங்குவதால் இந்தியும் கொஞ்சம் வரும். பாண்டிச்சேரியில் ஓர் இந்திப் பட சிடி வாங்கியிருக்கிறான். காரணம், போன வருடம் நம் மரக்காணம் உப்பளத்தில் அந்தப் படத்தை எடுத்தபோது பூவிழி பின்னால் கூடை தூக்கிக்கொண்டு போனாள் என்று போனில் அவளே சொல்லியிருந்தாள். கட்டிக்கப்போகிற பெண் சினிமாவில் வருகிறாள் என்ற பெருமையில் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டிருக்கிறான். தொல்லை அங்கே ஆரம்பித்தது.

அது இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய சிரிப்புப் படம். ஒருவன் பம்பாயில் முதலாளி, இன்னொருவன் உப்பளத்துக் கூலிக்காரன். முகம் ஒரே முகம். முதலாளி என்று நினைத்துக் கூலிக்காரனைக் காரில் ஏற்றிப் போகிறார்கள். கூலிக்காரன் என்று நினைத்து முதலாளி கையில் கூடையைக் கொடுக்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கே எவன் எவன் என்று தெரியாது. ஒரே நடிகர்தான் இரண்டு வேடமும்.

இரண்டு பேரும் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிற காட்சி நம் உப்பளத்தில் வருகிறது. அக்கா வீட்டு டிவியில் பிளேயரை மாட்டிய தமிழரசன் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினான்.

திரைக்கு நடுவே பாத்தி வரப்பு ஒன்று நேராக ஓடுகிறது. வரப்புக்கு இடது பக்கம் கோட்டுப் போட்ட நடிகர். வலது பக்கம் லுங்கி கட்டிய அதே நடிகர். இரண்டு பேருக்கும் முழங்கால் வரைதான் தெரிகிறது. பின்னால் இடது பாத்தியில், சேலைக்கு மேல் பச்சைச் சட்டை போட்ட பெண் கூடையை இறக்கிவிட்டு நேராக நம்மைப் பார்க்கிறாள். பூவிழி. வலது பாத்தியில், பச்சைச் சட்டை போட்ட பெண் கூடையைத் தலையில் வைத்தபடி நேராக நம்மைப் பார்க்கிறாள். அவளும் பூவிழி.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றாள் அம்சவல்லி. திரையருகே போய் விரலை வைத்தாள். "ஒண்ணு. ரெண்டு."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சொந்த மகளை இரண்டாகப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நிஜமாகவே ஒரு கணம் யோசித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"ரெட்டையா இருக்கறது ஒண்ணும் குத்தமில்ல" என்று அம்சவல்லி தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு மூத்தது, ஒண்ணு இளையது. அஞ்சு நிமிசம் முந்திப் பொறந்தாலும் மூத்தவ மூத்தவதான். மூத்தவ வீட்ல இருக்கச்சொல்ல இளையவள எடுக்கற வழக்கம் எங்க குடும்பத்துல கெடையாது. அந்தப் பாவத்த நாங்க சொமக்க மாட்டோம். எங்களுக்குக் காட்டினது எது? மூத்ததா, இளையதா? இன்னொண்ண ஏன் மறைச்சீங்க? அதுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? தெரியிற வரைக்கும் கல்யாணப் பேச்சே வேணாம்."

அர்ச்சுனன் கரம்பும் கிணறுமாக நாலு ஏக்கர் வைத்துப் பாடுபடுகிறவர். வாய் திறப்பதற்குக் கூலி கேட்பார் போலிருக்கும். நாற்காலியை டிவிக்கு அருகே இழுத்துப் போட்டு, நின்றுபோன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா தமிழு, நீயுமா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

அவன் நெளிந்தான். "நான் நம்பலங்க மாமா. ஆனா யோசிச்சா... மாசி மகத்தன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல பாத்துக் கையாட்டினேன். யாரோ மாதிரி போயிட்டாங்க. அன்னிக்கே சாயங்காலம் போன்ல நல்லா பேசினாங்க."

"சரி."

"அப்புறம், பொண்ணு பாக்க வந்தப்ப எங்களோட டீ குடிச்சாங்க. போன்ல நான் டீயே குடிக்க மாட்டேன்னு சொல்றாங்க."

"பாத்தியா!" என்றாள் அம்சவல்லி. "டீ குடிக்கிறது ஒண்ணு. குடிக்காதது ஒண்ணு."

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இரண்டு பேர் என்று ஒருமுறை மனசில் விழுந்துவிட்டால், அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் தானாக இரண்டு பங்காகப் பிரிந்து நிற்கும். ஒருத்திக்கே காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

நல்லவேளையாக எனக்கு விஷயம் தெரியும். நான் உப்பளத்தில் டீசல் இன்ஜின் ஓட்டுகிறவன். கழுவெளி உப்பங்கழித் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுவது என் வேலை. படப்பிடிப்பு அன்று சத்தம் வரக்கூடாது என்று இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சும்மா நிற்பதற்குப் பதில் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். மெட்ராஸிலிருந்து வந்த கேமரா உதவியாளர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன். அதை அப்படியே இவர்களுக்குச் சொன்னேன்.

"கேமராவ அசைக்கவே கூடாது. அதான் முதல் விசயம். மூணு காலுக்கும் மணல் மூட்டை கட்டி வச்சிருந்தாங்க. முதல்ல அந்த நடிகர் கோட்டுப் போட்டுக்கிட்டு வரப்புக்கு இந்தப் பக்கம் நின்னு, எதிர்ல ஆள் இருக்கற மாதிரி பேசுவாரு. எதிர்ல யாரும் இல்ல. காலிப் பாத்தி. அத எடுத்துக்குவாங்க. அப்புறம் அவரே போயி லுங்கி கட்டிக்கிட்டு வந்து அந்தப் பக்கம் நிப்பாரு. இப்ப இந்தப் பக்கம் காலி. அதையும் எடுத்துக்குவாங்க. முதல் படத்துல இடது பாதி, ரெண்டாவது படத்துல வலது பாதி. ரெண்டையும் கம்ப்யூட்டர்ல வச்சு ஒட்டினா ஒரே படம். ஒட்டின எடம் தெரியக்கூடாது இல்லையா? அதுக்குத்தான் வரப்பு. சட்டைக்குத் தையல் மாதிரி."

அம்சவல்லி, "அது நடிகருக்கு" என்றாள். "பூவிழி என்னா நடிகையா?"

நல்ல கேள்வி. அதற்கும் பதில் சொன்னேன். பம்பாய்க்காரர்கள் நம் பெண்களிடம், நடிக்க வேண்டாம், எப்போதும் செய்கிற வேலையைச் செய்தால் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். எப்போதும் செய்கிற வேலை என்றால் என்ன? ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் குவிப்பார்கள். ஐந்து பெண்கள் ஒரு செட்டாக அதைக் கூடையில் அள்ளி மேட்டில் கொட்டுவார்கள். ஒரு பாத்தி தீர்ந்தால் அடுத்த பாத்தி. வாரிய உப்பை மதியத்துக் காற்று எழும்புமுன் அள்ளியாக வேண்டும், இல்லாவிட்டால் மண் படிந்து நிறம் கெட்டுவிடும். நடிகர் வரவில்லை, கேமரா நிற்கிறது என்றெல்லாம் உப்பு காத்திருக்காது. கோட்டுக்காரர் பேசியபோது இடது பாத்தியில் இருந்த செட், லுங்கிக்காரர் வந்து பேசியபோது வலது பாத்திக்குப் போய்விட்டது. ஆபீஸில் குமாஸ்தா ஒரே மேசையில் இருப்பதுபோல உப்பளத்துக்காரர்களும் ஒரே பாத்தியில் இருப்பார்கள் என்று படக்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். அதனால் படத்தில் ஐந்து பேர் பத்துப் பேராகிவிட்டார்கள். மற்ற நாலு பேருக்கும் தலைத்துணி மறைத்து முகம் தெரியவில்லை. பூவிழி மட்டும் இரண்டு முறையும் வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

அரைமணி நேரம் சொன்னேன். ஒரு சில்வர் தட்டை எடுத்து ஜன்னலின் பாதியை மறைத்துக்கூடக் காட்டினேன். தமிழரசனுக்குப் புரிந்தது போலத் தலையாட்டினான்.

அப்போதுதான் அம்சவல்லி கேட்டாள். "ஒருத்திய ரெண்டா காட்டலாம்னு சொல்ற."

"ஆமாங்க."

"அப்ப ரெண்டு பேர ஒருத்தியா காட்ட முடியுமா?"

நான் யோசித்தேன். ஒருத்தியை எடுத்த பாதியை வெட்டிவிட்டு, காலியாக இருந்த பாதியை அங்கே ஒட்டினால் போதும். இன்னும் சுலபம்.

"முடியும்" என்றேன்.

"கேட்டீங்களா! அவனே ஒத்துக்கிட்டான்!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "டேய் காசி, உன்ன யார்ரா அதையெல்லாம் சொல்லச் சொன்னது?"

"கேட்டாங்க, சொன்னேன். முடியறத முடியாதுன்னு எப்படிக்கா சொல்றது?"

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் பூவிழி உப்பளத்திலிருந்து வந்தாள். வீட்டில் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. உப்பு ஒட்டிய கால்களோடு முன்வாசல் வழியாக யாரும் வருவதில்லை. பின்பக்கமாக வந்து தொட்டியில் கழுவிக்கொண்டுதான் நுழைவோம். பச்சைச் சட்டையும் தலைத்துணியுமாக ஓர் உருவம் பின்கதவுப் பக்கம் கடந்து போனதை அம்சவல்லி பார்த்தாள். கண்ணை அங்கேயே வைத்திருந்தாள்.

பின்பக்கம் பூவிழி கால் கழுவி, சட்டையைக் கழற்றி அலசிக் கொடியில் போட்டுவிட்டு, உள்ளே மாப்பிள்ளையின் குரல் கேட்கவும் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அது அவளோடு அதே செட்டில் கூடை தூக்கும் சவரியம்மாளின் வீடு. அங்கே முகம் கழுவி, சவரியம்மாள் மகளின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, எங்கோ வெளியே போய்விட்டு வருகிறவள்போல முன்வாசல் வழியாக வந்தாள்.

"வாங்க" என்று கைகூப்பினாள்.

அம்சவல்லி அவளை ஒருமுறைதான் பார்த்தாள். பின்கதவைப் பார்த்து ஓடினாள். "இதோ ஒண்ணு! பின்னால பச்சைச் சட்டையில ஒண்ணு! இப்பத்தான் போனா, என் கண்ணால பாத்தேன்!"

அக்காவும் நானும் அவளுக்குப் பின்னால் ஓடினோம். தொட்டியைச் சுற்றிப் பார்த்தோம். அக்காவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியாமலே விறகுக்குப் பின்னால்கூடப் பார்த்தேன். கொடியில் ஈரமாகப் பச்சைச் சட்டை தொங்கியது.

"சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு எந்தப் பக்கம் ஓடினா?" என்றாள் அம்சவல்லி.

சவரியம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். விஷயத்தைச் சொன்னோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதுல என்னையுந்தான் ரெண்டா காட்டியிருக்கான். ஒரு பையன்கூட வந்து, மூத்தவ யாரு இளையவ யாருன்னு கேக்கலியே!"

"நீ சும்மா இரு சவரி" என்றாள் அக்கா. அழுகிற குரல்.

திரும்பி உள்ளே வந்தபோது பூவிழி டிவி முன்னால் நின்றிருந்தாள். தமிழரசன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான் போலிருக்கிறது. அவள் முகம் கல்லாகியிருந்தது.

"கல்யாணத்த நிறுத்தறீங்களா?" என்று அவனைக் கேட்டாள்.

"நான் இல்லங்க. அத்தைதான்..."

"அத்தைய நான் கேக்கல."

அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். எனக்கு அவன் மேல் கோபம் வந்தாலும், பரிதாபமாகவும் இருந்தது. எதிரே ஒன்று, திரையில் இரண்டு. மூன்று பூவிழிகளுக்கு நடுவில் பதில் சொல்ல வேண்டியவன் அவன்.

அப்போது அர்ச்சுனன் வாயைத் திறந்தார். இவ்வளவு நேரமும் நாற்காலியை விட்டு அசையாதவர் அவர் ஒருவர்தான்.

"காசிலிங்கம், இத எந்த மாசம் எடுத்தாங்க?"

"போன பங்குனிங்க."

"கெழக்கு எது?"

"வலது பக்கங்க. அந்தாண்ட கடல்."

அவர் எழுந்து திரையில் விரலை வைத்தார். இடது பக்கத்துப் பூவிழியின் காலிலிருந்து ஆரம்பித்து, பாத்தியில் விழுந்திருந்த நிழலைத் தடவிக்கொண்டே போனார். நிழல் போய்க்கொண்டே இருந்தது. ஆளைவிட இரண்டு மடங்கு இருக்கும். பிறகு வலது பக்கத்துப் பூவிழியின் காலில் விரலை வைத்தார். விரலை நகர்த்த இடமே இல்லை. நிழல் இடுப்பளவுகூட இல்லாமல் காலடியில் சுருண்டிருந்தது.

"இவ நிக்கறது ஏழேமுக்கால் மணி" என்றார். "இவ நிக்கறது பத்தரை. கூடக் கொஞ்சம் இருக்கும். ரெண்டு பேரு ஒரே நேரத்துல பக்கத்துல பக்கத்துல நின்னா, ஒருத்திக்குக் காலையும் ஒருத்திக்கு உச்சிவேளையுமா இருக்கும்? ஒரு சூரியன்தான இருக்குது?"

நான் திரையருகே போய்ப் பார்த்தேன். வரப்புக்கு இந்தப் பக்கம் நிழலெல்லாம் நீளம், அந்தப் பக்கம் நிழலெல்லாம் குட்டை. உப்புக் குவியலுக்குக்கூட அப்படித்தான். கோட்டைக் கழற்றப் போன நடிகர் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆனது எனக்குத் தெரியும். வெளிச்ச வித்தியாசத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம் என்று உதவியாளர் சொன்னதும் நினைவிருக்கிறது. நடிகருக்கு முழங்காலோடு படம் நின்றுவிட்டதால் அவர் நிழல் தெரியவில்லை. பின்னால் கூடை தூக்குகிற பெண்களின் நிழலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்த நான் அரைமணி நேரம் தட்டை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். கண்முன்னால் கிடந்த நிழலைப் பார்க்கவில்லை. வயலில் நிழலைப் பார்த்து மாட்டை அவிழ்க்கிற மனிதருக்கு அது ஒன்றுதான் தெரிந்திருக்கிறது.

"இதே பொண்ணு, காலையில அங்க இருந்தா, அப்புறம் இங்க வந்தா. அவ்ளோதான் அக்கா" என்றார் அர்ச்சுனன்.

அம்சவல்லி திரையின் இடது பக்கத்தில் விரலை வைத்தாள். "காலையில வந்தது இது."

"ஆமா."

"பத்தரைக்கு வந்தது இது."

"ஆமா."

"அப்ப முதல்ல வந்தவதான மூத்தவ? இடது கைப்பக்கம் இருக்கறவளையே குடுக்கச் சொல்லு. எனக்கு ஆட்சேபனை இல்ல."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

பூவிழி மட்டும் இன்னும் தமிழரசனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பஸ் ஸ்டாண்டுல கண்டுக்காமப் போனது நான்தான். மாமா கூட இருந்தாரு, வெக்கமா இருந்துச்சு. டீ எனக்குப் புடிக்காது. அன்னிக்கு உங்க முன்னாடி வேணாம்னு சொல்ல முடியாமக் குடிச்சேன். இதக் கேக்கறதுக்குப் பிளேயரத் தூக்கிக்கிட்டு வரணுமா? போன்லயே கேட்டிருக்கலாம்."

"கேட்டிருப்பேன்" என்றான் அவன். "போன் எடுக்கறது எந்தப் பூவிழின்னு தெரியாம எப்படிக் கேக்கறது?"

அவள் முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தாள். பிறகு உதட்டோரம் அவிழ்ந்துவிட்டது. "இனிமே சந்தேகம் வந்தா என்னையே கேளுங்க. கோபமா பேசினாலும் நான்தான். நல்லா பேசினாலும் நான்தான்."

"சரிங்க" என்றான் தமிழரசன். சிடியை வெளியே எடுத்துவிட்டுப் பிளேயரின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். அவளைப் பார்த்துக்கொண்டே சுற்றியதில் மூன்று முறை அவிழ்ந்தது.

அக்கா சோறு வைத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். வைகாசி முகூர்த்தத்தில் மாற்றம் இல்லை என்று அர்ச்சுனன் அவர் வாயாலேயே சொன்னார். பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடச் சொன்னார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அம்சவல்லி அக்காவை அருகே அழைத்து, தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எல்லாம் சரிம்மா. நான் மனசுல எதையும் வச்சுக்கல. ஆனா முகூர்த்தத்தன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மணமேடைக்கு வரக்கூடாது. பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க?"

காலையிலிருந்து பட்ட பாட்டில் அக்காவுக்கு எதுவும் மிச்சமில்லை. "வரமாட்டாங்கங்க" என்றாள். "ஒருத்திய உள்ளயே உக்கார வச்சுடறேன்."

இதை அப்படியே விட்டுவிடக்கூடாது என்று எனக்குப் பட்டது. அம்சவல்லிக்கு முதலிலிருந்து ஒருமுறை, இந்தத் தடவை தட்டு இல்லாமல், நிழலை வைத்தே சொன்னால் புரிந்துவிடும். நான் இரண்டடி முன்னே வைத்தேன்.

அர்ச்சுனன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுங்க சம்பந்தி" என்றார். "பஸ்ஸுக்கு நேரமாவுது."